திட்டுவதற்கு மட்டும் சில சொற்கள்

எங்கள் குரல் பதிவுக் கூடத்தை மூடியபோது என்னை வேறு பிரிவுக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று ஓய்வு வாங்கிக்கொண்டேன். ஓய்வுக்குரிய வயது எனக்கு இன்னும் வரவில்லை. விடைகொடுத்த மதிய விருந்தில், புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று கேட்டாள். இப்போது கைபேசியில் சில நிமிடங்கள் பேசினால் போதும், கணினி அதே குரலைச் செய்து கொடுத்துவிடுகிறது; ஒரே ஒரு குரலுக்காக நீங்கள் மாதக்கணக்கில் என்னதான் செய்தீர்கள் என்று. கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஏதோ சிரித்து மழுப்பினேன்.

போன மாதம் டேவ் என்பவரிடமிருந்து செய்தி வந்தது. எங்கள் கூடத்தில் குரல் பதிந்துகொண்ட அவருடைய மனைவி பிரீஜ் இறந்துவிட்டாள். அதிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. சிட்னியில் படிக்கிற என் மகள் கயலுக்கு ஒரு நாளில் பல தடவை போன் செய்கிறேன். அவள் ஸ்ட்ராத்ஃபீல்டில் தோழிகளோடு வீடெடுத்துத் தங்கியிருக்கிறாள். ரயில் ஏறினாயா, இறங்கினாயா, கதவைப் பூட்டினாயா என்று கேட்பேன். நேற்று அவளே சொன்னாள், "அம்மா, போன் பண்றதுக்குப் பதிலா எதையாவது எழுதேன்" என்று. அதனால் விருந்தில் அந்தப் பெண் கேட்டதற்கான பதிலை இப்போது எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரி. தமிழ் இலக்கணமும் பிறகு மொழியியலும் படித்தேன். கணவரின் வேலைக்காக மெல்பர்ன் வந்தபோது அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நூலகத்திலும் வாடிக்கையாளர் சேவையிலும் சில வருடங்கள் போயின. பிறகுதான் ஒரு மருத்துவமனையை ஒட்டி இயங்கிய அந்தக் கூடத்தில் வேலை கிடைத்தது. நோயால் பேச்சை இழக்கப்போகிறவர்கள் அங்கே வருவார்கள். குரல் இருக்கும்போதே அதைப் பதிவுசெய்து, ஒலி ஒலியாக வெட்டி, பின்னாளில் அவர்கள் ஒரு தொடுதிரைப் பலகையைத் தொட்டால் அவர்கள் குரலிலேயே பேசும்படி செய்து கொடுப்போம். எதைப் பேசவைத்துப் பதிவுசெய்வது என்று திட்டமிடுவது என் வேலை. ஒலியை வெட்டி ஒட்டுவது யோகன் வேலை. யோகன் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர், என்னை அக்கா என்பார்.

எங்கள் இருவருக்கும் மேலே மார்கரெட். ஒரு காலத்தில் வானொலியில் செய்தி வாசித்தவர். எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் கறுப்புக் காலணி. பதிவு அறைக்குள் யாரும் அவசரப்படக் கூடாது என்பார். ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் நடுவே தன் இரண்டு கை முஷ்டிகளை வைத்து அளந்து பார்த்து, வெதுவெதுப்பான தண்ணீரைத் தானே ஊற்றிக் கொடுத்து, பேசுகிறவரின் மூச்சு ஒழுங்காகும் வரை அறையைப் பிரிக்கும் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் அசையாமல் நிற்பார். வாக்கியம் சரியாக வந்தால் "அடுத்தது" என்பார். சரியாக வராவிட்டால் "இன்னொரு முறை, சிரமம் இல்லையென்றால்" என்பார். இரண்டையும் ஒரே குரலில் சொல்வதால், தான் தோற்றதாக யாருக்கும் தோன்றாது.

அவருடைய விதிகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். முதல் விதி, தேவைச் சொற்கள் முதலில். தண்ணீர், வலி, கழிப்பறை, திருப்பிப் படுக்கவை, குளிர்கிறது, நிறுத்து. குரல் எந்த வாரம் போகும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே உயிருக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். இரண்டாவது விதி, எதையும் உணர்ச்சி இல்லாமல் சமமாகச் சொல்ல வேண்டும். கோபமாகச் சொன்ன துண்டையும் சோர்வாகச் சொன்ன துண்டையும் பிறகு ஒட்ட முடியாது.

பிரீஜ் ட்ராம் ஓட்டுநர். அயர்லாந்தின் மேற்குக் கரையில், ஐரிஷ் மொழியே வீட்டுமொழியாக இருக்கிற ஓர் ஊரில் பிறந்து, வேலைக்காக மெல்பர்ன் வந்து, இங்கேயே பிறந்து வளர்ந்த டேவைக் கல்யாணம் செய்துகொண்டவள். எங்களிடம் வந்தபோது நரம்பு நோய் அவள் நாக்கையும் உதட்டையும் தொட ஆரம்பித்திருந்தது. பேச்சு கொஞ்சம் இழுத்தது, ஆனால் புரிந்தது. ஆங்கிலத்துக்கு எங்களிடம் அடிப்படை எல்லாம் தயாராக இருந்ததால் அவளுடைய ஆங்கிலக் குரலைச் சீக்கிரமே செய்து கொடுத்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்து, ஐரிஷிலும் வேண்டும் என்றாள்.

அந்த மொழிக்கு எங்களிடம் ஒன்றுமே இல்லை, முதலிலிருந்து கட்ட வேண்டும். மார்கரெட் முடியாது என்று சொல்லவில்லை. குரல் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவுதான் செய்ய முடியும் என்றார். பிரீஜ் தலையாட்டினாள்.

வழக்கம்போல நான் தேவைச் சொற்களிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு சொல்லையும் ஒரே வாக்கியத்தின் நடுவில் வைத்துச் சொல்லச் சொல்வோம். 'நான் இன்னதை மறுபடி சொன்னேன்' என்பது போல ஒரு வாக்கியம். ஐரிஷில் அது 'டூர்ச் மே' என்று தொடங்கி 'அரீஷ்' என்று முடியும். நடுவில் உள்ள சொல் மட்டும் மாறும். அப்படி வைத்தால்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னும் பின்னும் ஒரே ஒலி அமையும். தண்ணீர் முடிந்தது. வலி என்ற சொல்லுக்கு வந்ததும் பிரீஜ் நிறுத்திவிட்டாள்.

"வலித்தால் ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்கிறேன்" என்றாள். "என் வீட்டில் ஐரிஷ் தெரிந்தது என் மகள் ஒருத்திக்குத்தான். அவளுக்கு எட்டு வயது. எனக்கு வலிக்கிறது என்று அவளிடம் சொல்வதற்கா இந்தக் குரல்?"

மார்கரெட் உள்ளே போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அப்படியானால் ஐரிஷில் என்ன வேண்டும் என்று கேட்டார். பிரீஜ் கொஞ்ச நேரம் தண்ணீரைக் குடித்தாள். அப்போதே அவளுக்குத் தண்ணீர் விழுங்குவது ஒரு வேலையாக இருந்தது.

"என் மகள் நல்ல பிள்ளையாகிவிட்டாள்" என்றாள். "அதைத்தான் தாங்க முடியவில்லை."

பிறகு துண்டு துண்டாகச் சொன்னாள். அவள் மகள் பெயர் நீவ். நோய் வருவதற்கு முன்னால் சொன்ன பேச்சே கேட்காத பிள்ளை. குளிர் காலத்திலும் தோட்டத்தில் வெறுங்காலோடு ஓடும், கூப்பிட்டால் வராது, எதிர்த்துப் பேசும். பிரீஜ் வாசலில் நின்று ஐரிஷில் திட்டுவாள், பிள்ளை வேலிப்பக்கத்திலிருந்து ஐரிஷிலேயே பதில் கொடுக்கும். இப்போது விரலை அசைத்தால் ஓடி வருகிறாள். செருப்புப் போட்டுக்கொள்கிறாள். தண்ணீர் கேட்பதற்கு முன்னாலேயே கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். நாங்கள் செய்து கொடுத்த ஆங்கிலக் குரலில் ஒரு நாள் அவளைத் திட்டிப் பார்த்திருக்கிறாள் பிரீஜ். பிள்ளை தலைமையாசிரியர் முன்னால் நிற்பதுபோல நின்று, மன்னிப்புக் கேட்டதாம்.

"என்னைப் பார்த்து பயப்படுகிறாள். எனக்குத் திட்டுகிற சொற்கள் வேண்டும். மற்றதெல்லாம் விரலால் காட்டிக்கொள்வேன்."

எந்தச் சொற்கள் என்று கேட்டேன். அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் எழுத எழுதப் புரிந்தது. எல்லாமே கூட்டுப் பெயரடைகள். நாம் 'வெறுங்கால்', 'கருங்குழல்' என்று இரண்டை ஒன்றாக்குவதுபோல அவர்களும் ஆக்குகிறார்கள். தலையையும் அடங்காமையையும் சேர்த்து 'கியான்தானா' என்றால் பிடிவாதக்காரி. காலையும் வெறுமையையும் சேர்த்து 'கொஸ்நொக்த்தா' என்றால் வெறுங்கால்காரி. நீலத்தையும் கண்ணையும் சேர்த்தால் நீலக்கண்ணி. சேரும்போது கண்ணைக் குறிக்கும் 'ஸூல்' என்ற சொல்லின் முதல் ஒலி கரைந்து 'ஹூல்' ஆகிவிடும். வாய் தளர்ந்த ஓட்டைவாய்க்காரி, பாதித் தூக்கத்தில் இருப்பவள் என்று பட்டியல் நீண்டது. சிலது எந்த அகராதியிலும் இல்லை. அவளே தன் பிள்ளைக்காகக் கட்டியவை. மழைக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறவள் என்பதற்கு ஒரே சொல் வைத்திருந்தாள்.

இலக்கணம் படித்தவள் என்பதால் எனக்கு இது விருந்து. திட்டமிடுகிறவள் என்ற முறையில் கணக்கு உதைத்தது. ஏனென்றால் அந்தச் சொற்கள் ஒரே உருவத்தில் நிற்காது. முன்னால் வரும் பெயர்ச்சொல் பெண்பாலானால் சொல்லின் தலை மாறும். 'கியான்தானா' தொண்டையில் தேய்ந்து 'ஹியான்தானா' ஆகும். இதில் வேடிக்கை, சிறுமி என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் இலக்கணப்படி ஆண்பால், மகள் என்ற சொல் பெண்பால். ஆகவே சிறுமி என்று திட்டினால் ஓர் உருவம், மகளே என்று திட்டினால் வேறு. பன்மையில் சில சொற்களுக்கு வால் நீளும், சிலவற்றுக்கு நீளாது. உடைமைப் பொருளில் வேறு முடிவு, ஒப்பிட்டுச் சொன்னால் இன்னொன்று. ஒரு திட்டுக்கு ஒரு அட்டவணை. அவளிடம் இருப்பதோ ஓர் அமர்வுக்கு அரை மணி நேரக் குரல்.

பாகங்களைத் தனித்தனியாகப் பதிவுசெய்து ஒட்டிவிடலாமே என்றார் மார்கரெட். தலை தனி, அடங்காமை தனி. பதிவு பாதியாகக் குறையும். யோகன் ஒரு நாள் முழுக்க முயன்று பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, இது சரிவராது. நான் எல்லா மாதிரியும் ஒட்டிப் பாத்தனான். ரெண்டு பேர் பக்கத்தில பக்கத்தில நிண்டு ஆளுக்குப் பாதி சொல்லுற மாதிரிக் கிடக்கு."

"கொஞ்சம் மெழுகினா சரியாயிடாதா?"

"மெழுகினா மூண்டாவது ஆளும் வந்து சேருறார்."

மார்கரெட் அதை வாங்கிக் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு இன்னொரு தடவை கேட்டார். ஒட்டின இடம் ஒவ்வொன்றிலும் அவர் இமை அசைந்தது. பிறகு, முழுச் சொல்லாகவே எடுப்போம், தேவைச் சொற்களை விட்டுவிடுவோம் என்றார். அவருடைய முதல் விதியை அவரே எடுத்துப் போட்டதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். ஆனாலும் பிரீஜிடம் நேராகக் கேட்டுவிட்டார்: நாளைக்கு உன் மகளிடம் தண்ணீர் வேண்டும் என்று ஐரிஷில் கேட்க முடியாது, தெரிகிறதா என்று. கேட்காமலே கொண்டுவருகிறாள், அதுதானே சிக்கல் என்றாள் பிரீஜ்.

குரலை மிச்சம் பிடிக்க நான் பன்மை உருவங்களை விட்டுவிடலாம் என்றேன். ஒரே பிள்ளைதானே, எதற்குப் பன்மை? பிரீஜ் ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமையானால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்துவிடும், அவையும் செருப்புப் போடாது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் திட்டுவேன் என்றாள். ஒப்பீட்டு உருவமும் வேண்டும் என்றாள். நேற்றைவிட இன்றைக்கு அதிகப் பிடிவாதக்காரி என்று சொல்லாத நாளே அந்த வீட்டில் இருந்ததில்லையாம். உடைமைப் பொருள் உருவத்தை மட்டும் விட்டுக்கொடுத்தாள்.

அன்று வீடு திரும்பும்போது ரயிலில் என் தொலைபேசியை எடுத்தேன். நான் கயலிடம் பேசுவதெல்லாம் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். சாப்பிட்டாயா, போய்ச் சேர்ந்தாயா, பூட்டினாயா, மாத்திரை இருக்கிறதா. மார்கரெட்டின் தேவைச் சொற்களை விடாமல் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளைக் கூப்பிட்டு, "என்னடி சோம்பேறிக் கழுதை, சாயங்காலத்துலயும் தூக்கமா?" என்றேன்.

"அம்மா, are you okay? டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா?" என்றாள். ஒன்றுமில்லை என்று அவளை நம்பவைப்பதற்குள் ஃபுட்ஸ்க்ரே நிலையம் வந்துவிட்டது.

இரண்டாவது விதியில்தான் வேலை சிக்கிக்கொண்டது. திட்டும் சொற்களைச் சமமாகச் சொல்லச் சொன்னால் அவை திட்டாக இல்லை. ரயில் நிலைய அறிவிப்புப் போல இருந்தன. யோகன் நீவின் படத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்க்கலாமா என்றார். பிரீஜ் வேண்டாம் என்றாள். படத்தைப் பார்த்தால் திட்டவே வராதாம்.

மார்கரெட் குனிந்தார். காலணியின் கயிற்றை அவிழ்த்தார், இரண்டையும் கழற்றி ஒழுங்காகச் சுவரோரம் வைத்தார், காலுறையையும் உருட்டி அதற்குள் திணித்தார். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய், பிரீஜ் பார்க்கும்படி வெறுங்காலோடு நின்றார். அறுபது தாண்டியவர். பாதங்கள் வெள்ளை வெளேரென்று, ஒரு விரல் மற்றொன்றின் மேல் ஏறியிருந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நீங்கள் தயாரானதும்" என்றார்.

பிரீஜ் முதலில் சிரித்துவிட்டாள், அந்தப் பதிவு வீண். இரண்டாவதும் வீண். மூன்றாவது முறை மூச்சை இழுத்து, வானொலியில் நாட்டுக்கே செய்தி வாசித்த அந்த அம்மாளை வெறுங்கால்காரி என்று திட்டினாள். யோகன் ஒலிமானியைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார். மார்கரெட் "அடுத்தது" என்றார். அதன் பிறகு வந்த எல்லா அமர்வுகளிலும் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அந்த அறையில் அவர் பிடிவாதக்காரியானார், ஓட்டைவாய்க்காரியானார், பன்மை உருவங்கள் வந்தபோது என்னையும் யோகனையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். நாங்களும் செருப்பைக் கழற்றினோம். தரை குளிர்ந்து கிடந்தது.

உதடுகள் முதலில் போயின. உதட்டைச் சேர்த்தும் பல்லில் பதித்தும் சொல்ல வேண்டிய ஒலிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கடைசி அமர்வில் ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. திட்டு அல்ல அது. நீண்ட ஆயுளுள்ளவள் என்று பொருள். தும்மினாலும் தடுக்கி விழுந்தாலும் திட்டிவிட்டுக் கடைசியில் மகளுக்கு அதைச் சொல்வாளாம். அதன் தலையில் ஒரு ஃபகரம். பிரீஜ் திரும்பத் திரும்ப முயன்றாள், காற்றுத்தான் வந்தது. நான் இதை விட்டுவிடலாமா என்று மார்கரெட்டைப் பார்த்தேன். மகளே என்று கூப்பிட்டுச் சொல்லும் உருவத்தில் அந்த ஃபகரம் எழுத்தில் மட்டும் நிற்கும், வாயில் ஒலிக்காது. அது என் அட்டவணையின் இரண்டாவது வரி. வரியைக் காட்டினேன். பிரீஜ் பார்த்தாள், கண்ணை மூடினாள், 'ஆட்ஸீலாக்' என்றாள். உதடு தேவைப்படவில்லை. மார்கரெட் எப்போதும்போல அடுத்தது என்று சொல்லவில்லை. அடுத்தது எதுவும் இல்லை.

குரல் தயாராகி, பலகையைப் பொருத்த அவர்கள் வீட்டுக்குப் போனபோது பிரீஜின் பேச்சு முழுக்கப் போய்விட்டிருந்தது. வீடு ஃப்ராங்க்ஸ்டன் பக்கம். யோகன் வழியில் கேரம் டவுன்ஸ் கோயிலில் காரை நிறுத்தினார். அர்ச்சனைக்குப் பெயர் கேட்ட ஐயரிடம் பிரீஜ் என்றார். ஐயர் இரண்டு தடவை கேட்டுக்கொண்டு, நட்சத்திரம் என்றார்.

"பூரட்டாதி எண்டு சொல்லுங்கோ ஐயா."

காரில் ஏறியதும் பிரீஜின் நட்சத்திரம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "என்ர நட்சத்திரம் அக்கா. இண்டைக்கு எனக்குப் பெரிசா ஒண்டும் தேவையில்லை" என்றார்.

டேவ் கதவைத் திறந்தார். பிரீஜ் பின்வாசல் பக்கம் சக்கர நாற்காலியில் இருந்தாள். நீவ் எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள், தண்ணீர் கொண்டுவந்தாள், அம்மாவின் போர்வையைச் சரிசெய்தாள். கால்களில் காலுறை, செருப்பு. எட்டு வயதுப் பிள்ளை ஒரு செவிலியைப் போல நடமாடுவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. டேவ் அவளைக் கொஞ்ச நேரம் வெளியே விளையாடச் சொன்னார். யோகன் பலகையைப் பொருத்தி, ஒலியைக் கூட்டி, பிரீஜின் விரலுக்கு எட்டும்படி வைத்தார்.

கண்ணாடிக் கதவு வழியாகத் தோட்டம் தெரிந்தது. பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் துள்ளுமேடை ஒன்று இருந்தது. அதில் ஏறுவதற்காகப் பிள்ளை செருப்பையும் காலுறையையும் கழற்றிப் புல்லில் வைத்தாள். பிரீஜ் என்னைப் பார்த்தாள். பிறகு பலகையைத் தொட்டாள்.

மகளே, வெறுங்கால்காரி. வீடு முழுக்கக் கேட்டது. மார்கரெட்டைத் திட்டிய அதே குரல்.

துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை நின்றுவிட்டாள். திரும்பி வீட்டைப் பார்த்தாள். டேவுக்கு ஒன்றும் புரியவில்லை, என்ன சொன்னது அது என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். எனக்கு அந்தப் பிள்ளையின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. இப்போது இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிடுவாளோ என்று பயந்தேன். பிரீஜின் விரல் பலகைக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

நீவ் திரும்பிக்கொண்டாள். முதலில் சின்னதாக ஒரு துள்ளு. பிறகு உயரமாக. முதுகைக் காட்டியபடியே ஐரிஷில் ஏதோ கத்தினாள். கேட்டது, கேட்டது, இன்னும் கொஞ்ச நேரம் என்று என் அரைகுறை ஐரிஷுக்குப் புரிந்தது.

பிரீஜ் பிடிவாதக்காரி என்பதைத் தொட்டாள். பிள்ளை காதிலேயே வாங்கவில்லை. நேற்றைவிட அதிகப் பிடிவாதக்காரி என்பதைத் தொட்டாள். அதற்கும் பதில் இல்லை. பிரீஜின் தோள்கள் குலுங்கின. அவளால் சத்தமாகச் சிரிக்க முடியாது. டேவ் பதறி எழுந்தார், அவள் கையைத் தூக்கி அவரை உட்காரச் சொன்னாள்.

நாங்கள் கிளம்பும்வரை அந்தப் பிள்ளை உள்ளே வரவே இல்லை. காரைத் திருப்பும்போது யோகன் கேட்டார், "அக்கா, பிள்ளை செருப்புப் போட்டவளோ?"

"இல்லை" என்றேன்.